இந்தக் கோடையில் உன் கோடை யார் படிப்பார்?

ஏப்ரல் இரண்டாம் வாரம் ராசிபுரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். நலம் விசாரிப்பெல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. "ஏன்டா, உன் மருமகனுக்கு லீவு வருது. அங்க ஏதாவது இன்டர்ன்ஷிப் பாத்துக் குடு. நீதான் பெங்களூர்ல பெரிய கம்பெனில இருக்கியே."

பெங்களூரில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த போன் வந்துவிடும். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்துவிட்டாலே ஆளெடுக்கும் அதிகாரம் கைக்கு வந்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

பையன் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. போனை வாங்கி அவனே பேசினான். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, நாலு இடத்தில் கேட்டு வைத்திருந்தான். "நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்று தானாகவே ஒரு மெயில் வந்திருந்தது. பதிவுக் கட்டணம் 2,999 ரூபாய். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு ஸ்டார்ட்அப் மாதம் 10,000 தருவதாகச் சொல்லியிருந்தது. ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்பவர் ஒருவர் "வந்தால் வேலை இருக்கிறது, பணம் இல்லை" என்று இரண்டே வரியில் பதில் போட்டிருந்தார். எதுவும் அமையாவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்து ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் புரோகிராம்களில் வேலை. ஐந்தாவது வழி நான். "மாமா, உங்க கம்பெனில ரெஃபரல் போட முடியுமாங்க?"

எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு அனுப்பினான். கம்பெனி பெயர், உதவித்தொகை, சர்டிபிகேட் உண்டா, எத்தனை வாரம், தூரம் எவ்வளவு. இன்டர்ன்ஷிப் தேடும் பிள்ளைகள் எல்லோரும் போடும் அதே கட்டங்கள்தான். நான் இன்னொன்று சேர்க்கச் சொன்னேன்: உன் கோடை யார் படிப்பார்?

இந்தக் கோடை வெயில் காலம் இல்லை, நீ எழுதும் புரோகிராம், 'கோடு' (code). இலக்கணப்படி கோடு 'கோட்டை' ஆக வேண்டும் என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கோட்டை கட்டும் வேலையை மேனேஜர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

இந்தக் கட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், 2010 கோடையிலிருந்து. சிவாஜிநகர் பக்கம் ஒரு மாடியில் சின்ன கம்பெனி. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவுக்கு ஒரு புரோகிராம், பி.எச்.பி.யில் எழுதச் சொன்னார்கள். இரண்டு மாதமும் நான் மட்டுமே எழுதினேன். ஒருநாள் ஒரு மாணவியின் பெயரை ஏற்றும்போது எல்லாம் விழுந்துவிட்டது. பெயர் டி'சூசா. நடுவில் இருக்கும் அந்த ஒற்றைக் குறியைப் பார்த்ததும் டேட்டாபேஸ் 'பெயர் இத்தோடு முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்திருக்கிறது. எனக்கு அது புரியவில்லை. குறியை அழித்து டிசூசா என்று ஏற்றினேன், ஓடியது. பிரச்சினை தீர்ந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

கடைசி நாளில் முதலாளி "பென் டிரைவ்ல போட்டுக் குடு" என்றார். அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். தருவதாகச் சொன்ன பணமும் வரவில்லை, அதுகூட மறந்துவிட்டது. பிறகு முதல் வேலையில் ஒரு சீனியர் என் கோடைத் திறந்து, பயனர் தட்டுவதை அப்படியே கட்டளைக்குள் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இந்தப் பெட்டியில் நான் என்ன தட்டினால் உன் டேபிள் மொத்தமும் அழியும், சொல்லு?" என்று கேட்டார். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மாடி ஆபீஸில் ஒருவர் ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் டி'சூசா அதை எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருப்பாள்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

2,999 ரூபாய் மெயிலுக்கு அதிக நேரம் வேண்டாம். வேலை தருபவர்தான் பணம் தருவார், வாங்க மாட்டார். இந்த வகையில் கொடுக்கும் வேலையும் எனக்குத் தெரியும்: ஒரு கால்குலேட்டர், ஒரு செய்ய வேண்டியவை பட்டியல், உன்னைப் பற்றி ஒரு வலைப்பக்கம். முடித்து லிங்க்டுஇன்னில் அவர்கள் பெயரோடு பதிவு போட்டால் சர்டிபிகேட் வரும். கோடைத் திறந்து பார்க்க அங்கே ஆளே கிடையாது. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனிப் பெயரைத் தேடிப் பார்க்கலாம், ஆனால் பதிவு இருப்பதால் வேலை இருக்கிறது என்று ஆகாது. சொல்லித்தர ஆள் வேண்டும் என்பதற்காகப் பணம் கட்டுவதாக இருந்தால், என்.பி.டி.இ.எல்.லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். தமிழ்நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2022 மார்ச்சிலிருந்து நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டமும் இருக்கிறது.

அக்காவுக்கு மட்டும் இது பிடித்திருந்தது. "அதுலதான்டா சர்டிபிகேட் கண்டிப்பா தர்றாங்களாம்."

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை மாமன் மச்சான் எல்லோரும் அனுப்புகிறார்கள். முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானது இல்லை என்று அதன் விதியே சொல்கிறது. இரண்டாம் ஆண்டுப் பையனுக்கு அதில் வழியில்லை.

அடுத்தது பெரிய கம்பெனி, அதாவது என்னுடைய ரெஃபரல். என் கட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்குத்தான் முழு மதிப்பெண். அவுட்டர் ரிங் ரோட்டில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றில் இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. இன்டர்னுக்கு என்று ஒருவரை ஒதுக்கி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். வேலையை ஒழுங்காக முடித்தால் படிப்பு முடியும் முன்பே வேலை உத்தரவாதம், 'ப்ரீ-பிளேஸ்மென்ட் ஆஃபர்', கையில் வரும்.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. இந்த மே மாதத்து இன்டர்ன்களைப் போன வருஷம் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கேம்பஸில் எடுத்து முடித்திருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் நுழைந்தவர்களை. கூகுளின் ஸ்டெப் போல முதல் இரண்டு ஆண்டுக்காரர்களுக்கென்றே இருக்கும் திட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றுக்கும் கோடை வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரலில் மாமாவைக் கேட்டால், ரயில் ஜோலார்பேட்டை தாண்டிய பிறகு சேலத்தில் டிக்கெட் கேட்ட கதைதான். ரெஃபரல் என்றால் என்னவென்று ஊருக்குத் தெரிவதும் இல்லை. நான் போட்டால் அவனுடைய ரெஸ்யூமே ஒரு மனிதர் கண்ணில் படும். அவ்வளவுதான் என் அதிகாரம். அதற்கப்புறம் மரம், கிராஃப், டைனமிக் புரோகிராமிங் என்று ஒன்றரை மணி நேரத் தேர்வை அவன்தான் எழுத வேண்டும்.

நாள் கணக்கும் உதைத்தது. இவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கேட்பார்கள். செமஸ்டர் தேர்வு மே நடுவில் முடிந்தால் இவனுக்குக் கிடைப்பது ஆறு, இழுத்துப் பிடித்தால் ஏழு வாரம். ஆபீஸில் லேப்டாப்பும் அனுமதிகளும் கைக்கு வரவே முதல் இரண்டு வாரம் ஓடிவிடும். எங்கள் டீமுக்கு வந்த ஒரு பையன் எந்த டேட்டாபேஸுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதிலேயே ஒன்பது நாள் செலவழித்தான். பெரிய கம்பெனிக்கு அடுத்த ஜூலை, அதற்கான பயிற்சிக்கு இன்று ராத்திரி என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன்.

ஆய்வகத்தைப் பற்றி எனக்கு ஆசை கலந்த தயக்கம். இந்த ஊருக்கு வந்து ஆய்வகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1909-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் இங்கே. ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு மையம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. சர் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியும் இங்கேதான், அதுவும் வேறு இரண்டு அகாதெமிகளும் சேர்ந்து மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. அதற்கும் முந்தைய நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். நவம்பரில் கோடைகாலத்தை நினைக்கிற இரண்டாம் ஆண்டு மாணவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதைத் தவறவிட்டால் மிச்சமிருப்பது பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் போடுவது. மருமகன் அறுபது மெயில் போட்டிருந்தான், அறுபதும் ஒரே மெயில், "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சியால் பெரிதும் ஈர்க்கப்பட்டு" என்று. பெண் பேராசிரியர்களும் ஐயா. அறுபத்தொன்றாவதை மட்டும் ஒரு ஆய்வுக்கட்டுரையைப் படித்து, அவர்கள் வெளியிட்ட கோடைத் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து, "மூன்றாவது அட்டவணையில் உள்ள எண் எனக்கு வரவில்லை, எங்கே தவறுகிறேன்?" என்று கேட்டிருக்கிறான். பிஎச்.டி. மாணவரிடமிருந்து பதில் வந்தது அந்த ஒன்றுக்குத்தான். எனக்கு ஆச்சரியம் இல்லை.

அங்கே கோடைப் படிப்பவர் யார்? பேராசிரியர் படிக்க மாட்டார், அந்தப் பிஎச்.டி. மாணவர்தான். அவரும் வரைபடம் சரியாக வருகிறதா, எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பார். 'பைனல்_புதியது_2' என்று பெயர் வைத்த கோப்புக்குள் எட்டிப் பார்க்கப் பெரும்பாலும் நேரம் இருக்காது. கேள்வியைக் கூர்மையாகக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று மனதில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகலாம். மருமகனுக்கு அது இன்னும் தெரியவில்லை என்றான், தெரியாத வயசுதான்.

பணம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு யார் போக முடியும் என்பது தனிக் கேள்வி. பி.டி.எம். லேஅவுட், எச்.எஸ்.ஆர். பக்கம் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியில் இருவர் தங்கும் அறை, சாப்பாட்டோடு, நான் விசாரித்தவரை மாதம் எட்டாயிரத்திலிருந்து தொடங்குகிறது. மேலே அட்வான்ஸ், காலி செய்யும்போது 'மெயின்டனன்ஸ்' என்று அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். என் மருமகனுக்கு அல்சூரில் மாமா வீடு இருக்கிறது, அத்தை சமைத்துப் போடுகிறாள். மாமா வீடு இல்லாத பையனுக்கு இலவச ஆய்வகம் இரண்டு மாதத்தில் இருபதாயிரத்துக்கு மேல் விழுங்கும். எக்செல்லில் 'உதவித்தொகை: 0' என்று எழுதினால் அது தெரியாது, அந்தக் கட்டத்தில் ஒரு கழித்தல் குறி போட வேண்டும். போக்குவரத்து மட்டும் முன்னைக்கு இப்போது தேவலாம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்ததிலிருந்து சேலம் பஸ்ஸில் வருபவர்கள் பொம்மசந்திராவிலேயே இறங்கி சில்க் போர்டு, பி.டி.எம். வரை நெரிசல் படாமல் வந்துவிடலாம்.

வீட்டிலிருந்தே ஓப்பன் சோர்ஸ் என்பதை அவன் 'எதுவும் கிடைக்காவிட்டால்' என்ற வரிசையில் கடைசியாக வைத்திருந்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடைப் படிக்க உலகமே இருக்கிற இடம் அது. நீ அனுப்பும் மாற்றத்தின் கீழே, முகம் தெரியாத ஒருவர் எல்லோர் முன்னிலும் "இந்தப் பெயர் குழப்புகிறது" என்று எழுதுவார். வலிக்கும், ஆனால் கூலி கொடுக்காமல் கிடைக்கும் வாத்தியார். ஓப்பன் சோர்ஸில் வேலை செய்ய உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது, 2022-லிருந்து மாணவர் அல்லாதவர்களும் சேரலாம், பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். உதவித்தொகை நாட்டைப் பொறுத்தும் வேலையின் அளவைப் பொறுத்தும் மாறும். மார்ச் பின்பாதியிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். அக்காவின் போன் வந்தபோது அந்தக் கதவும் சாத்தியிருந்தது.

அந்தத் திட்டம் இல்லாமலும் யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். ஆனால் புராஜெக்டைப் பற்றி விளக்கும் ரீட்மீ கோப்பில் ஒரு காற்புள்ளி சேர்த்து 'பங்களிப்பு' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் வேண்டாம். ஓப்பன் சோர்ஸுக்காக அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020-ல், ஒரு டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் இப்படிக் குப்பையாக அனுப்பி, சம்மதித்த புராஜெக்டுகளுக்கு மட்டும்தான் கணக்கு என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழிலேயே வேலை கிடக்கிறது. மருமகனைப் பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொன்னேன். 5 என்று வந்தது. "மூணு எழுத்துதானுங்க மாமா?" ஆமாம், த, மி, ழ் என்று நமக்கு மூன்று. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் மெய்யின் புள்ளியும் இகரத்தின் மேல்விலங்கும் தனித்தனிக் குறிகள், ஆக ஐந்து. சொல்லைத் திருப்பிப் போடு, தேடு, ஓரெழுத்தை அழி என்று எதைச் செய்தாலும் இது காலை வாரும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இதையெல்லாம் எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. அன்று ராத்திரி பதினொன்றரை வரை அவன் அதைத் திறந்து வைத்து ஒவ்வொரு சொல்லாக அளந்துகொண்டிருந்தானாம், அக்கா குறைப்பட்டுக்கொண்டாள்.

குறை என்னவென்றால், படிப்பவருக்கு அவசரமில்லை. வேறொரு நாட்டில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உன் கோடைத் திறப்பார், சில சமயம் மூன்று வாரம் கழித்து. ஆறு வார லீவில் இரண்டே தடவை பதில் வரும். ராசிபுரத்தில் தனியாக உட்கார்ந்து அந்த மௌனத்தைத் தாங்கப் பத்தொன்பது வயசில் எனக்கு முடிந்திருக்காது. இதை லீவுக்கு என்று ஒதுக்காமல் வருஷம் முழுக்க சனிக்கிழமைகளில் செய்யலாம் என்பது என் கட்சி.

மிச்சம் எச்.எஸ்.ஆர். ஸ்டார்ட்அப். இதில்தான் நல்லதும் கெட்டதும் ஒரே தெருவில் அடுத்தடுத்த மாடியில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே: கீழே காபிக் கடை, மேலே நீள மேசை, பீன் பேக், ஒயிட்போர்டில் பாதி அழித்த அம்புக்குறிகள். ஒன்றில் நாலு அனுபவசாலிகளோடு ஒரு இன்டர்ன் இருப்பான். இன்னொன்றில் ஒரு முதலாளியும் ஆறு இன்டர்ன்களும் இருப்பார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆறு பேரும் மாறுவார்கள்.

பேச்சில் கண்டுபிடிக்க ஒரு சொல் உண்டு. "முழு ஓனர்ஷிப் உனக்குத்தான்" என்று முதல் ஐந்து நிமிஷத்தில் சொன்னால் கொஞ்சம் உஷாராக வேண்டும். பெரும்பாலும் அதன் பொருள், நீ என்ன எழுதுகிறாய் என்று யாரும் பார்க்கப் போவதில்லை என்பதே. இப்போது ஏ.ஐ. வேறு கூட இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆயிரம் வரி வந்துவிடும், அதில் எந்த வரி டி'சூசாவைக் கொல்லும் என்று காட்ட ஆள் வேண்டாமா?

மருமகனுக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். எத்தனை இன்ஜினியர்கள் இருக்கிறார்கள்? போன இன்டர்ன் எழுதியது இப்போதும் ஓடுகிறதா? என் கோடைப் பார்க்கப் போகிறவரோடு பத்து நிமிஷம் பேசலாமா? மூன்றாவதைக் கேட்க அவனுக்குக் கூச்சம். "வேலை கேக்கறவன் இப்படியெல்லாம் கேக்கலாமுங்களா மாமா?" கேட்டான். ஐந்து பேர் என்றார்கள். போன இன்டர்ன் எழுதியதில் பாதியைத் தூக்கிவிட்டோம், பாதி ஓடுகிறது என்றார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மறுநாள் அங்கே வேலை செய்யும் ஒரு பெண், மைசூர்க்காரர், அவனோடு பேசினார். "தினமும் சாயங்காலம் பார்ப்பேன். வியாழக்கிழமை ரிலீஸ், அன்றைக்கு மட்டும் என் பக்கம் வராதே" என்று சொன்னாராம்.

வியாழக்கிழமை வராதே என்று சொல்கிறவர் மிச்ச நாளில் பார்ப்பார் என்று நான் கணக்குப் போட்டேன். தொகையை எழுத்தில் வாங்கு, எத்தனாம் தேதி தருவார்கள் என்பதையும் அதில் எழுதச் சொல் என்றேன். ஆய்வகத்தாருக்கு நன்றி சொல்லி, டிசம்பர் லீவில் வரலாமா என்று கேட்டு மெயில் போடச் சொன்னேன். வரச் சொல்லி பதில் வந்திருக்கிறது.

மே மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தான், ஒரு பையில் துணி, ஒரு பையில் அக்கா கொடுத்துவிட்ட முறுக்கு. இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் வாங்கும் ஒரு சின்னப் படிவம், முப்பது வரி. அதற்குக் கீழே பதினாலு கமெண்ட். முதல் கமெண்ட்: "போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கப் போகிறாயா? இல்லையென்றால் ஏன் எண்ணாகச் சேமிக்கிறாய்? முன்னால் இருக்கும் பூஜ்யம் எங்கே போச்சு?"

"பதினாலுங்க மாமா. எல்லாமே தப்பாத்தான் எழுதிருக்கேனாட்டம்."

"ரசம் ஆறுது, சாப்பிட்டுட்டுப் பாரு" என்றாள் அத்தை. நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பதினாலும் நியாயமான கேள்விகள். ஒன்பதை அன்றைக்கே சரிசெய்துவிட்டிருந்தான்.

"பேர் போடற இடத்துல டி'சூசான்னு தட்டிப் பாரு, நடுவுல அந்தக் குறியோட."

இடது கையால் தட்டினான். "சேவ் ஆயிடுச்சுங்க மாமா. எதுக்குக் கேக்கறீங்க?"